5 கி.மீ. இலக்கு, நான்காவது வாரம், கால் எலும்பில் வலி: தொடரலாமா?

புதுக்கால் எழுதியது:

வணக்கம். வயது 38, நாள் முழுக்க நாற்காலி வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி. 5 கிலோமீட்டரை நடுவில் நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை. எவ்வளவு நேரம் ஆனாலும் கவலையில்லை.

அதற்காக ‘கவுச் டு 5கே’ திட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு: 1996-இல் ஜாஷ் கிளார்க் என்பவர் போட்ட 9 வாரத் திட்டம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். போகப்போக ஓட்டம் கூடும், நடை குறையும்.

முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. மூச்சு நன்றாகவே பழகிவிட்டது. நான்காவது வாரம் முடிகிற சமயத்தில் இரண்டு காலிலும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் வலி. வலது காலில் கொஞ்சம் கூடுதல். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, உடம்பு சூடேறியதும் அடங்குகிறது, முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் திரும்ப ஆரம்பிக்கிறது.

தொடரலாமா? ஷூவை மாற்ற வேண்டுமா? ஐந்தாவது வாரத்தின் கடைசி நாளில் ஒரேயடியாக 20 நிமிடம் ஓடச் சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தார்ரோடு எழுதியது:

ஷூதான். வேறென்ன? மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கணுக்கால் எழுதியது:

ஷூவை அப்புறம் பார்க்கலாம். முதலில் உட்கார்ந்து, வலிக்கிற எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருக்கிறதா, அல்லது ஒரே ஒரு இடத்தில், விரல் நுனி அளவில், தொட்டதும் துள்ளுகிற மாதிரி இருக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போது வலிக்கிறதா? அந்தக் காலில் மட்டும் நின்று லேசாக ஒரு எம்பு எம்பினால் எப்படி இருக்கிறது? (வலித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், திரும்பச் செய்து பார்க்க வேண்டாம்.)

நான் ஃபிசியோதெரபிஸ்ட். ஆனால் இங்கே இருந்துகொண்டு உங்கள் காலைத் தொட்டுப் பார்க்க முடியாது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

புதுக்கால் எழுதியது:

பார்த்துவிட்டேன் மேடம். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே அழுத்தினாலும் லேசாக வலிக்கிறது. இதுதான் இடம் என்று ஒரு புள்ளியைக் காட்ட முடியவில்லை. இரவில் வலி இல்லை. எம்பினால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

கணுக்கால் எழுதியது:

அப்படியானால் பெரும்பாலும் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ என்று சொல்வார்களே, அதுதான்: பழகாத சுமையால் முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுக வருகிற வலி. புதிதாக ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. ஒரே புள்ளியில் குத்துகிற வலி, ஓய்விலும் இரவிலும் தொடர்கிற வலி, ஓட ஓடக் கூடிக்கொண்டே போகிற வலி, இந்த மூன்றில் எது இருந்தாலும் கதை வேறு. எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம், அதற்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் அது பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதும் மறுநாளே ஓடப் போய், இருந்த விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயம். மூச்சு பழகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வினையே அங்கேதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசை அடுத்து வரும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலும்பு எப்படிப் பலமாகிறது தெரியுமா? புதுச் சுமை வந்ததும் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாக நிரப்புகிறது. அரித்து எடுப்பது சில வாரத்தில் முடியும், நிரப்பிக் கெட்டியாக்குவதற்கு மாதங்கள் ஆகும். ஆள் குடியிருக்கும்போதே வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி. அதனால் ஓட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு மாதத்தில் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகக்கூட இருக்கலாம். சரியாக அந்த நேரத்தில்தான் மூச்சு பழகி, ‘அட, நம்மால் முடிகிறதே’ என்று ஆசையைக் கிளப்பும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால், 38 நிமிடத்தில் 5 கி.மீ. முடிப்பவர் ஏறத்தாழ 6,000 அடி வைக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு தரை திருப்பித் தள்ளுகிறது. நடக்கும்போது இது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

எண்கணக்கன் எழுதியது:

அந்த 20 நிமிடத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு நாளும் நடையைத் தள்ளிவிட்டு ஓட்டத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன்:

முதல் வாரம் நாளுக்கு 8 நிமிடம். இரண்டாவது வாரம் 9. மூன்றாவது வாரமும் 9 (ஒன்றரை, மூன்று, ஒன்றரை, மூன்று). நான்காவது வாரம் 16 (மூன்று, ஐந்து, மூன்று, ஐந்து). ஐந்தாவது வாரம் 15, 16, கடைசி நாள் 20.

பாருங்கள், பயமுறுத்துகிற அந்த நாளில் காலுக்குக் கூடுகிற வேலை 4 நிமிடம்தான். அங்கே சோதனை மூச்சுக்கும் மனசுக்கும். காலுக்கு உண்மையான தாவல் யாரும் கவனிக்காத நான்காவது வாரத்தில் இருக்கிறது: 9-இலிருந்து 16. கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுதல், அதுவும் ஒரே வாரத்தில். புதுக்காலுக்கு எப்போது வலி வந்தது? நான்காவது வாரக் கடைசியில்.

புதுக்கால் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை சார். அப்படியானால் நடுவில் ஒரு வாரத்தை நாமே நுழைத்துக்கொள்ளலாமா?

எண்கணக்கன் எழுதியது:

தாராளமாக. 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை. ஓட்டம் மொத்தம் 12 நிமிடம். அதை ஒரு வாரமோ இரண்டு வாரமோ செய்துவிட்டு 16-க்குப் போனால் ஏற்றம் சீராக இருக்கும். 9 வாரத்தில் முடித்தே தீர வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

தார்ரோடு எழுதியது:

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே? அதைப் பிடித்துக்கொண்டால் போதுமே, இத்தனை கூட்டல் கழித்தல் எதற்கு?

எண்கணக்கன் எழுதியது:

அந்த விதியை நெதர்லாந்தின் குரோனிங்கனில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 4 மைல் ஓட்டத்துக்குத் தயாராகும் புதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 சதவீத விதிப்படி மெல்ல ஏறும் 13 வாரப் பயிற்சி, இன்னொன்றுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008-இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். வித்தியாசமே இல்லை.

தார்ரோடு எழுதியது:

அப்படியானால் நீங்கள் சொன்ன 9, 16 கணக்கும் வெறும் கணக்குதானே! மெதுவாக ஏறினாலும் அதே காயம் என்றால் நடுவில் வாரம் நுழைத்து என்ன லாபம்?

எண்கணக்கன் எழுதியது:

கேள்வி நியாயமானது. 10 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. 80 சதவீதம் ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று அது சொல்லவில்லை. பத்துப் பேருக்கு ஒத்துக்கொள்கிற ஏற்றம் பதினோராவது ஆளுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த ஆள் யார் என்பதை அவரவர் கால்தான் சொல்ல வேண்டும். இவர் கால் சொல்லிவிட்டது.

வழிப்போக்கன் எழுதியது:

எல்லோரும் எவ்வளவு நேரம் என்றே பேசுகிறீர்கள். தம்பி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார் என்று யாருமே கேட்கவில்லை. தம்பி, ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா?

புதுக்கால் எழுதியது:

இரண்டு மூன்று வார்த்தை வரும் அண்ணா. அப்புறம் மூச்சு வாங்கும். ‘ஓட்டம்’ என்று திட்டத்தில் போட்டிருப்பதால் கொஞ்சம் விரட்டித்தான் ஓடுகிறேன்.

வழிப்போக்கன் எழுதியது:

நினைத்தேன். 60 வினாடிதானே என்று ஆளாளுக்குப் பாய்வார்கள். அந்த ஒரு நிமிடத்தைக்கூட, இன்னும் அரைமணி நேரம் இப்படியே போகலாம் போலிருக்கிறதே என்கிற வேகத்தில்தான் ஓட வேண்டும். முழு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லையா, வேகத்தைக் குறை. இன்னும் வரவில்லையா, நட. வேகமாக நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும். வெட்கம்தான் புதியவர்களை அதிகம் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டுகிற இதயத் துடிப்பை நம்பிப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கிற சூத்திரம் பொதுச் சராசரி. ஒரு தனி ஆளுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ தவறுவது சகஜம். பேச்சு வருகிறதா என்பது அதைவிட நம்பகமான கருவி.

நடையைத் தோல்வி என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவில் திட்டமிட்டு நடப்பதையே ஒரு முறையாக்கி ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மாரத்தானையே அப்படி முடிக்கிறவர்கள் ஏராளம். களைத்த பிறகு நடப்பது இல்லை, களைக்கும் முன்பே நடப்பது. வித்தியாசம் பெரிது.

கணுக்கால் எழுதியது:

வழிப்போக்கன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விரட்டி ஓடுகிறவர்கள் அடியை நீட்டி நீட்டி வைப்பார்கள். பாதம் உடம்புக்கு வெகு முன்னால், முழங்கால் விறைத்து நிற்கிற நிலையில் போய் இறங்கும். ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன பிரேக். முழங்காலும் முன்னெலும்பும் அதை வாங்கிக்கொள்கின்றன.

சரிசெய்ய எளிய வழி, அடியைக் குட்டையாக்கி எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவது. வலது பாதம் தரையைத் தொடுவதை 30 வினாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 38 வந்தால் நிமிடத்துக்கு 152 அடி. அதை 5 சதவீதம் கூட்டி 160 பக்கம் கொண்டுவாருங்கள், போதும். வேகம் கூடக் கூடாது, அடியின் எண்ணிக்கை மட்டும்தான் கூட வேண்டும். இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 180 அடி வைத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். அது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் முன்னணி வீரர்களின் அடியை எண்ணியபோது கண்ட எண். அவர்கள் போட்டி வேகத்துக்கும் நம் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

தார்ரோடு எழுதியது:

சரி, ஷூ?

கணுக்கால் எழுதியது:

விட மாட்டீர்கள் போலிருக்கிறது :) 

அடிப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து, நடுப்பகுதி அமுங்கிப்போன ஷூ என்றால் மாற்றத்தான் வேண்டும். மற்றபடி, ஈரக் காலைத் தரையில் பதித்து, பாத வளைவைப் பார்த்து, இன்ன பாதத்துக்கு இன்ன ஷூ என்று ஒதுக்குகிற பழக்கம் இருக்கிறதே, அதை அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் பெரிய அளவில் சோதித்தார்கள். வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்தவர்களுக்கும், எல்லோருக்கும் ஒரே ரக ஷூ கொடுத்தவர்களுக்கும் காயத்தில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை. போட்டதும் வசதியாக இருக்க வேண்டும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்ப்பது நல்லது. அவ்வளவுதான். மெல்லிய அடிப்பகுதி ஷூ, வெறுங்கால் ஓட்டம் எல்லாம் இப்போது வேண்டாம். அவை சுமையைக் குறைப்பதில்லை, முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் மாற்றிவிடுகின்றன.

ஷூவுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியைக் கெண்டைக்காலுக்குக் கொடுங்கள். படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டிப் பாதி, லேசாக மடக்கிப் பாதி. மடக்கிச் செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை, ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அதுதான். 12 முதல் 15 தடவை, மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். இடுப்புக்கு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்திப் பிடிப்பது. தாழ்வான படியிலிருந்து ஒற்றைக் காலால் நிதானமாக இறங்குவது, அப்போது முழங்கால் உள்பக்கம் சரியாமல் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் முன் நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்து நிற்பதால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. ஐந்து நிமிடம் வேகநடை, அதுவே வார்ம் அப்.

வலிக்கு நான் சொல்லிக்கொடுக்கிற அளவுகோல்: பத்துக்கு மூன்று வரை, நடை கோணாமல், மறுநாள் காலைக்குள் பழையபடி அடங்கிவிட்டால் தொடரலாம். மூன்றைத் தாண்டினாலோ, நொண்டினாலோ, மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தாலோ, அடுத்த ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. அது எச்சரிக்கையை அணைத்துவிடும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

உங்களுக்கு: ஒரு வாரம் பத்து நாள் ஓட்டத்தை விட்டு நடை, சைக்கிள், நீச்சல். வேகநடையில் வலி அறவே இல்லை என்றானதும் எண்கணக்கன் சொன்ன 2-2 திட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

நிழல்மரம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே திட்டத்தில்தான் இருக்கிறேன். எடையும் குறையட்டுமே என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். எனக்கும் காலில் லேசாக வலி. இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று பார்த்தாயிற்று. சம்பந்தம் உண்டா அக்கா?

கணுக்கால் எழுதியது:

உண்டு, நிறையவே. உடம்புக்குப் போதிய சாப்பாடு இல்லாமல் உழைப்பைக் கூட்டினால், உடம்பு முதலில் சிக்கனம் பிடிப்பது மாதவிடாயில். அதனோடு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு தேறுவது தடைப்படும். எலும்பு விரிசலுக்கு இது நன்கு தெரிந்த காரணம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், காலை மட்டும் காட்டாமல் மாதவிடாய் விஷயத்தையும் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்ப ஆரம்பியுங்கள். எடையைக் குறைப்பதையும் ஓடப் பழகுவதையும் ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் பிடித்து இழுக்க வேண்டாம்.

வழிப்போக்கன் எழுதியது:

படித்துக்கொண்டிருக்கும் மூத்தவர்களுக்கும் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டல் வந்தால் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். விலாப்பக்கம் பிடித்துக்கொள்வது வேறு, அது கொஞ்சம் நடந்து ஆழமாக மூச்சுவிட்டால் போய்விடும்.

புதுக்கால் எழுதியது (சில வாரங்களுக்குப் பிறகு):

இழையை மேலே கொண்டுவருகிறேன். ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன், 2-2 திட்டத்தில் திரும்பினேன், வேகத்தை நன்றாகவே குறைத்தேன். முதல் சில ஓட்டங்களில் வலது காலில் ஒன்று, ஒன்றரை அளவு வலி இருந்தது, இப்போது அதுவும் இல்லை. படியில் குதிகால் உயர்த்துவது பல் தேய்க்கும்போது நடக்கிறது. அந்த 20 நிமிட நாளும் முடிந்தது, எண்கணக்கன் சார் சொன்ன மாதிரி கால் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது புதுச் சந்தேகம். திட்டம் 30 நிமிட ஓட்டத்தில் முடிகிறது. நான் போகிற வேகத்தில் 30 நிமிடத்தில் 5 கி.மீ. வராதே?

எண்கணக்கன் எழுதியது:

வராது. 30 நிமிடத்தில் 5 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், மணிக்கு 10 கி.மீ. வேகம். பேசிக்கொண்டே ஓடும் புதியவர்களில் பலருக்கு அது வேகம்தான். நீங்கள் ஏழரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகிறீர்கள் என்று வைத்தால் 30 நிமிடத்தில் 4 கி.மீ. மீதி ஒரு கிலோமீட்டரை வேகம் கூட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். வாரத்தில் மூன்று ஓட்டத்தில் ஒன்றை மட்டும் 3 நிமிடம் நீட்டுங்கள், மற்ற இரண்டும் 30-க்குள்ளேயே இருக்கட்டும். 33, 36, அப்புறம் 37 நிமிடம் 30 வினாடியில் 5 கி.மீ. வந்துவிடும்.

புதுக்கால் எழுதியது:

புரிந்தது சார். அந்த முதல் 5 கி.மீ.யை மைதானத்தில் ஓடலாம் என்றிருக்கிறேன். 400 மீட்டர் வட்டப்பாதை, உள்தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் காலுக்கு ஏதாவது ஆகுமா?

கணுக்கால் எழுதியது:

ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. எப்போதும் அங்கேயே ஓடுவதாக இருந்தால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் எதிர்ப்பக்கம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சாலையில் ஓடுகிறவர்களும் ஓரச் சரிவைக் கவனியுங்கள், எப்போதும் ஒரே கால் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. உள்தடத்தில் யாராவது வேகப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் வெளித்தடத்துக்கு வந்துவிடுங்கள். சுற்றுக்குக் கொஞ்சம் தூரம் கூடும், பரவாயில்லை, பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.